மேல்பலகைக்கு ஒரு சல்லடை

மலைக்கு நடந்து போகிறவர்களுக்கு மத்தியானச் சோறு போடுகிற சத்திரம் ஒன்று முன்னொரு காலத்தில் இருந்தது. நீ யார், எந்த ஊர் என்று அங்கே கேட்பதில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்தால் சோறு விழும்.

சமையல்காரர் ஆறுமுக நயினாருக்குக் கண்ணில் புரை. அடுப்பு எரிகிறதா அணைந்ததா என்பதைக்கூடக் கன்னத்தில் படுகிற சூட்டை வைத்துத்தான் சொல்வார். அதனால் அவருக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. எது எங்கே இருக்க வேண்டுமோ அது அங்கே இருக்கும் என்று நம்பிக் கையை நீட்டுவார். கைக்கு எது எட்டுகிறதோ அதை வைத்து வேலை நடக்கும்.

இந்த வழக்கம்தான் பாத்திரங்களுக்கு ராஜ்யத்தைக் கொடுத்தது. பந்தி முடிந்து, எல்லாவற்றையும் கழுவிப் போட்டுவிட்டு, துண்டை விரித்துச் சாய்ந்தால் நயினார் இரண்டு மணி நேரம் அசைய மாட்டார். யார் எங்கே நிற்பது என்று அந்த இரண்டு மணி நேரத்தில் பாத்திரங்கள் பேசி முடிவு செய்துகொள்ளும். எழுந்து வருகிறவர் கையை நீட்டுவார். ஆகப் பாத்திரங்கள் வைத்ததுதான் சட்டம். அந்தச் சமையலறைதான் அவற்றுக்கு நாடு.

கீழ்த்தட்டில் இருபத்தொரு பாத்திரங்கள். அடுப்புப் பக்கத்து இடம் தலைவர் இடம். தலைவர் எந்த மூட்டைக்கு நேராக நிற்கிறாரோ அந்த மூட்டை அரிசிதான் அன்றைக்கு உலையில் விழும். மேலே சுவரை ஒட்டி ஒரு பலகை. அதில் மூன்றே பேர். முறம் உமியைப் பார்க்கும். சல்லடை கல்லைப் பார்க்கும். வடிதட்டு கஞ்சியைப் பார்க்கும். கீழ்த்தட்டு என்ன முடிவு செய்தாலும் அது ஒரு தடவை மேல்பலகைக்குப் போய் வந்த பிறகுதான் அடுப்பில் ஏறும். கீழ்த்தட்டுத் தலைவரை நினைத்தபோது இறக்கலாம். மேல்பலகையில் ஏறினவரை ஆறு வருஷத்துக்கு ஒருத்தரும் அசைக்க முடியாது. அவசரக்காரர்கள் கீழே இருக்கட்டும், ஆற அமரப் பார்க்கிறவர்கள் மேலே இருக்கட்டும் என்று முன்னால் இருந்தவர்கள் செய்துவைத்த ஏற்பாடு.

அப்போது தலைவராக இருந்தது ஒரு பெரிய அண்டா. அதன் பெயர் தில்லைநாயகம். அங்கே பாத்திரங்களுக்கெல்லாம் இப்படித்தான் பெயர். தானமாகக் கொடுத்த புண்ணியவான் பெயரை விளிம்பில் வெட்டியிருப்பார்கள், அதுவே கூப்பிடுகிற பெயராகிவிடும்.

தில்லைநாயகம் ஒன்றும் கொடுங்கோலர் இல்லை. உட்கார்ந்த இடம் சுகமாக இருந்தது, அவ்வளவுதான். வடக்கு ஓரத்து மூட்டைகள் தொளதொளவென்று சாய்ந்துகொள்ள வாகாக இருக்கும். தெற்கு மூட்டைகள் விறைப்பு, முதுகில் குத்தும். அண்டா வடக்கே சாய்ந்தது. வடக்கு மூட்டையில் அரிசி கொஞ்சம், களத்துக் கல் கொஞ்சம். மேல்பலகைச் சல்லடைக்கோ வயதாகிக் கண்ணெல்லாம் துரு அடைத்துக் கிடந்தது. இலையில் கல் விழுந்தது.

அது கீழ்த்தட்டில் யாருக்கும் தெரியாது. பந்திக்குப் போகிறவை இரண்டே இரண்டு. சோற்று வாளி போகும், ஆனால் அது இடுப்பு உயரத்திலேயே நின்றுவிடும். இலை வரைக்கும் இறங்கி, சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்த்துவிட்டு வருவது கரண்டி மட்டும்தான். உலகம்மை என்று பெயர் வெட்டின பித்தளைக் கரண்டி. நயினார் மனைவி இசக்கியம்மாள் கையில் பிடித்துப் பிடித்து அதன் காம்பு தேய்ந்திருந்தது. கழுத்து ஆணி லேசாக ஆடும்.

உலகம்மை முதலில் துருவியிடம் சொன்னது. தேங்காய்த் துருவிக்கு வாய் கூர்மை. நாலு பேருக்கு நடுவில் சொல்லாமல் என்னிடம் குசுகுசுவென்று சொல்லி என்ன பிரயோசனம் என்று அது கேட்டது. அதனால் ஒரு நாள் மத்தியானம் எல்லாரும் கூடியிருக்கும்போது கரண்டி எழுந்து நின்றது. தான் பார்த்ததைச் சொன்னது. மென்றுகொண்டிருந்த வாய் திடீரென்று நிற்பதையும், நாக்கு உள்ளே தேடுவதையும், பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் வேண்டாம் என்று எழுந்திருப்பதையும் சொன்னது. கேட்டவை எல்லாம் தலைவரைப் பார்த்தன.

"மூட்டை வந்தது அப்படி. நான் என்ன செய்ய?" என்றது அண்டா.

"அண்ணாச்சி, உங்க முதுகுக்கு வாகா இருக்குன்னு ஊரு பல்லை உடைக்கலாமா?" என்று கேட்டது கரண்டி.

அதற்குப் பிறகு அங்கே வேறு பேச்சு எடுபடவில்லை. நம்பிக்கை இல்லை என்று ஓட்டுக்கு விட்டார்கள். பதினொன்றுக்குப் பத்து. அண்டா தோற்றது. கழுவிக் கவிழ்ப்பது எல்லாப் பாத்திரத்துக்கும் உண்டு, ஈரம் காய்ந்ததும் நிமிர்த்திவிடுவார்கள். நம்பிக்கை இழந்த பாத்திரத்தை நிமிர்த்துவதில்லை. தில்லைநாயகத்தை வாசல்படிப் பக்கமாகக் கவிழ்த்து அப்படியே விட்டார்கள். மாசிலாமணி என்கிற குண்டான் தலைவராகி, தெற்கு மூட்டைக்கு நேராக விறைப்பாக நின்றது. அன்றைக்கு உலகம்மையைப் பார்த்து எழுந்து நிற்காத பாத்திரம் இல்லை.

தெற்கு மூட்டை தை மாதம் வரைக்கும்தான் வரும். பிறகு புது அரிசி. எந்த மூட்டையை அவிழ்த்தாலும் களத்து மண்ணோடுதான் இருக்கும். சலிக்காமல் உலையில் போட முடியாது. அந்த நேரம் பார்த்து மேல்பலகையின் பழைய சல்லடை வளையம் விட்டு விழுந்தது. காலியான இடத்துக்குத் தேர்தல் என்று அறிவித்தார்கள்.

குண்டான் பக்கத்திலிருந்து நின்றது பேராச்சி. நெருக்கமான கண் உள்ள புதுச் சல்லடை. மெலிந்த உடம்பு, அதிகம் பேசாது. அண்டா பக்கத்திலிருந்து நின்றது ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் பெயரே வெட்டியிருக்கவில்லை. எத்தனையோ கல்யாணத்தில் வெற்றிலை பாக்கு சுமந்து, கை மாறிக் கை மாறி வந்து சேர்ந்தது. முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு.

கவிழ்ந்து கிடந்தாலும் அண்டாவின் கணக்கு தெளிவாக இருந்தது. சலிக்கத் தெரியாத ஒன்று அந்த இடத்தில் ஏறினால் போதும், குண்டான் ஆட்சியிலும் கல் விழும். கல் விழுந்தால் என்னை நிமிர்த்தச் சொல்லி அவர்களே வருவார்கள்.

தாம்பாளம் கீழ்த்தட்டு முழுக்கச் சுற்றி வந்தது. "என் உடம்பை நல்லாப் பாருங்க. எங்கயாவது ஒரு ஓட்டை இருக்கா? அந்தப் பேராச்சியைப் பாருங்க, ஆயிரம் ஓட்டை. ஓட்டை உடைசலைக் கொண்டுபோயா மேல வைக்கப் போறீக?"

பாத்திரங்களுக்கு ஓட்டை என்றால் சாவு. ஒரு ஊசி ஓட்டை விழுந்தால் பழைய பாத்திரக்காரன் சாக்குக்குள் போக வேண்டியதுதான். அதனால் தாம்பாளம் சொன்னது குடம் தவலைக்கெல்லாம் சுருக்கென்று தைத்தது. ஓட்டை இருப்பதால்தான் என்னால் கல்லைக் கீழே விட முடியும் என்று பேராச்சி சொல்லிப் பார்த்தது. அது சொன்ன விதம் மெதுவாக இருந்தது. தாம்பாளத்தைத் தட்டினால் எழுகிற சத்தம் அதற்கு வராது.

"வெத்தலை பாக்கை ஏந்திக்கிட்டு மாப்பிள்ளை பின்னாலயே போன பயலுக்கு அரிசிக்கும் கல்லுக்கும் என்ன தெரியும்?" என்று துருவி மட்டும் கேட்டுக்கொண்டே திரிந்தது.

மேல்பலகைத் தேர்தலுக்கென்று ஒரு முறை உண்டு. சல்லடைக்கு வேண்டியவர்கள் கொண்டைக்கடலை போட வேண்டும், தாம்பாளத்துக்கு வேண்டியவர்கள் புளியங்கொட்டை போட வேண்டும். போடுவதற்கு முன் தன் பக்கத்துத் தலைவரிடம் மட்டும் அதைக் காட்ட வேண்டும். ஒரு பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டு மறுபக்கத்துக்குப் போடுகிறவர்கள் பெருகிப்போனதால் வந்த முறை அது. எதிர்ப் பக்கத்துத் தலைவர் கண்ணில் பட்டுவிட்டால் அந்த ஓட்டு செல்லாது. இரண்டு பக்கமும் சமமாக வந்தால் எடை கூடினவருக்கு இடம். இதையெல்லாம் நடத்திவைப்பது எந்தப் பக்கமும் சேராத, ஓட்டும் இல்லாத ஊறுகாய் ஜாடி.

குண்டான் பக்கம் பதினொன்று, அண்டா பக்கம் பத்து. ஒன்று நழுவினால் போச்சு. குண்டானுக்குப் பயம் வந்துவிட்டது. தேர்தலுக்கு மூன்று நாள் முன்பிருந்து, பந்தி முடிந்த உடனே தன் பக்கத்துப் பத்துப் பேரையும் காலியாகக் கிடந்த நெல்லுப் பத்தாயத்துக்குள் போட்டுப் பூட்டியது. உள்ளே வைக்கோல் மெத்தை. ஆளுக்கு ஒரு தேய்ப்பு, புளி போட்டு. மேலுக்கு எண்ணெய். தோசைக்கல்லுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. வருஷம் ஒரு தேர்தல் வந்தால் நல்லது என்று சொல்லிக்கொண்டு புரண்டு படுத்தது.

உலகம்மைக்கு வைக்கோல் குத்தியது. அண்டாவைக் கவிழ்த்ததே நான், என்னையுமா பூட்ட வேண்டும் என்று கேட்டது. எல்லாருக்கும் ஒரே முறைதான் தாயி என்று குண்டான் சொல்லிவிட்டது.

இரண்டாம் நாள் பத்தாயத்துக் கீழ் ஓட்டையில் கறுப்பாக ஏதோ நெளிந்தது. பிடிதுணி. சூடான பாத்திரத்தை இறக்குகிற துணி. அதற்குக் கட்சி கிடையாது. சூட்டில் மாட்டிக்கொண்ட எந்தப் பாத்திரமும் அதைத்தான் கூப்பிட்டாக வேண்டும். அதனால் அது போகாத இடமும் இல்லை, கேட்காத ரகசியமும் இல்லை.

"என்ன மைனி, வைக்கோல் எல்லாம் சௌகரியமா?"

"உனக்கு இங்க என்ன சோலி?" என்றது கரண்டி.

"சும்மாதான் வந்தேன். ராஜ்யத்தையே கவுத்த ஆளைக் கோழிக்குஞ்சு மாதிரி மூடி வச்சிருக்காகளேன்னு ஒரு வயித்தெரிச்சல்."

பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தது. போன வாரம் ஒரு யாத்திரைக்காரர் நீளக் காம்பு வைத்த எவர்சில்வர் கரண்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார் அல்லவா. தேர்தல் முடிந்ததும் அதைத்தான் இசக்கியம்மாள் கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டப்போகிறார்கள். உலகம்மையை அடுப்புக்குப் பின்னால் உள்ள ஆணியில் மாட்டி ஓய்வு கொடுக்கப் போகிறார்களாம். கழுத்து ஆடுகிறதாம், வயசாகிவிட்டதாம். சொன்னது குண்டானாம்.

உலகம்மை நம்பவில்லை. மறுநாள் காலையில் சமையலுக்குத் திறந்துவிட்டதும் அடுப்படியில் வைத்துக் குண்டானிடமே கேட்டது.

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? முதல்ல தேர்தல் முடியட்டும்" என்றது குண்டான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுப்புக்குப் பின்னால் உள்ள ஆணியை உலகம்மைக்குத் தெரியும். புகை படியும். பல்லி ஓடும். அங்கே மாட்டின எதையும் யாரும் திரும்ப எடுத்ததில்லை. பந்தியைப் பார்க்காமல், ஒரு முகத்தைப் பார்க்காமல் அங்கே தொங்குவதை நினைத்தபோது அதற்கு உள்ளே ஏதோ ஆடியது. ஆணி ஆடுவதைவிட மோசமாக ஆடியது.

அந்த மூன்றாம் நாள், பத்தாயத்தைப் பூட்டின பிறகு பிடிதுணி மறுபடி வந்தது.

"அண்டா பக்கம் நான் போட மாட்டேன்" என்று உலகம்மை முந்திக்கொண்டு சொன்னது.

"யாரு போடச் சொன்னா? நீங்க கடலையைத்தான் போடணும் மைனி. அண்ணாச்சி கண்டிஷனாச் சொல்லிட்டாரு, உலகம்மை மனசாட்சிக்கு விரோதமா ஒண்ணும் செய்ய வேண்டாம்னு. ஜாடிக்குப் போற வழியிலதான் அவரு கவுந்து கிடக்காரு. அவருகிட்ட வரும்போது லேசாச் சாஞ்சிருங்க. உங்க கழுத்து ஆடுறது எல்லாருக்கும் தெரியும். எவர்சில்வர்காரியை நாங்க பாத்துக்கிடுதோம். கடைசி வரைக்கும் பந்தியில நீங்கதான்."

"செல்லாமப் போயிருமே."

"செல்லாமத்தான் போகும். தப்பாப் போகாதுல்லா?"

உலகம்மை பதில் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பிடிதுணி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, அதையே பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டது.

தேர்தல் அன்றைக்கு நயினார் சாய்ந்ததும் ஜாடியை நடுவில் வைத்தார்கள். வரிசை நகர்ந்தது. தோசைக்கல் போட்டது, தவலை போட்டது, துருவி கடலையைத் தன் பல்லில் கவ்விக்கொண்டு போய்ப் போட்டது. அண்டா கவிழ்ந்து கிடந்த இடத்தில் அதன் விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் சந்து. குண்டான் பக்கத்துப் பாத்திரங்கள் அந்த இடத்தைத் தாண்டும்போது கடலையை ஒளித்துக்கொண்டு தாண்டின.

உலகம்மை வந்தது. அதன் குழியில் ஒரே ஒரு கொண்டைக்கடலை. நேரே போய்விடுவோம் என்றுதான் அந்த நிமிஷம் வரைக்கும் நினைத்திருந்தது. அண்டாவை நெருங்கியதும் ஆணி ஆடியது. ஆணி தினமும்தான் ஆடுகிறது, ஒருநாளும் சோறு சிந்தியதில்லை. பிடித்து நிறுத்தியிருக்கலாம். உலகம்மை பிடிக்கவில்லை. சாய்ந்தது.

தரையோடு தரையாக ஒரு குரல் வந்தது. "பாத்துட்டேன். உலகம்மை கொண்டு போறது கொண்டைக்கடலை."

குண்டான் கத்தியது. கீழே கிடந்து எட்டிப் பார்க்கிறது ஒரு பிழைப்பா என்று துருவி அண்டா மேல் பாய்ந்தது. ஜாடி எல்லாரையும் அடக்கிவிட்டு, கடலை அண்டாவின் கண்ணில் பட்டது உண்மையா என்று உலகம்மையைக் கேட்டது. பட்டது என்றது உலகம்மை. அந்த ஒரு வார்த்தையில் பொய் இல்லை.

"சட்டப்படி செல்லாது" என்றது ஜாடி. "எனக்குப் புளிப்பும் ஒண்ணுதான், உறைப்பும் ஒண்ணுதான். என்னைக் கோபிச்சுப் பிரயோசனம் இல்லை."

கொட்டி எண்ணினார்கள். கடலை பத்து, புளியங்கொட்டை பத்து. எடை பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை. சல்லடையில் பாதி உடம்பு காற்று. தாம்பாளம் மேல்பலகையில் ஏறி நடுவில் உட்கார்ந்தது. அதன் பளபளப்பு சமையலறை முழுக்க அடித்தது.

உலகம்மை அழுதது. நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுகை வந்தது. அது ஏன் அழுகிறது என்று தங்களுக்குத் தெரியும் என நினைத்து எல்லாரும் அதைச் சுற்றி வந்து நின்றார்கள். பாவம், இத்தனை பாடுபட்டவளுக்கு இப்படியா கை தவற வேண்டும் என்று தவலை சொன்னது. குண்டான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது.

"தப்பு என் பேர்ல. அந்த ஆணியை எப்பவோ இறுக்கச் சொல்லியிருக்கணும். ஓய்வு அது இதுன்னு பேசி உன் மனசை வேற நோகடிச்சுட்டேன். எவர்சில்வர் பேச்சே இனி வேண்டாம் தாயி. பந்திக்கு என்னைக்கும் நீதான்."

எதற்காகச் சாய்ந்ததோ அதைத் தோற்றவர் கையிலிருந்தே உலகம்மை வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொள்ளும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நடந்தது இதுதான் என்று சொல்லிவிட வாயெடுத்தது. அதற்குள் இன்னும் இரண்டு பேர் ஆறுதல் சொல்ல வந்துவிட்டார்கள். வாய் மூடிக்கொண்டது. ஒரு தடவை மூடினால் பிறகு திறப்பது கஷ்டம்.

கடைசியாகப் பேராச்சி வந்தது. அதற்குக் கதவுக்குப் பின்னால் ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

"அழாதே" என்றது. "சல்லடை மனசுல மண்ணு நிக்காது தாயி."

சொல்லிவிட்டு உலகம்மையை ஒரு நிமிஷம் பார்த்தது. ஆயிரம் கண்ணாலும் பார்த்தது. பிறகு கதவுக்குப் பின்னால் போய்விட்டது.

புது அரிசி வந்தது. நயினார் கையை மேல்பலகைக்கு நீட்டினார். கைக்கு எட்டினது கனமாக இருக்கவே கொஞ்சம் யோசித்தார். எது இருக்க வேண்டுமோ அதுதானே இருக்கும் என்று எடுத்து அரிசியைப் பரப்பினார். தாம்பாளம் அரிசியை அழகாக வாங்கிக்கொண்டது. அரிசியும் மின்னியது, கல்லும் மின்னியது. பட்டாட்டம் இருக்கு என்று தடவிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் உலையில் போட்டார்.

பந்தி முடிந்து கரண்டி வந்ததும் கீழ்த்தட்டில் கேட்பது வழக்கம்.

"இலையில எப்படி?" என்று குண்டான் கேட்டது.

"நல்லா இருக்கு" என்றது உலகம்மை.

அது சொன்ன முதல் பொய் அது. கல் விழுகிறது என்று சொன்னால், ஏன் விழுகிறது என்ற பேச்சு வரும். தாம்பாளம் எப்படி ஏறியது என்ற பேச்சு வரும். ஆணி பேச்சு வரும். அதனால் மறுநாளும் நல்லா இருக்கு என்றது. அதற்கு மறுநாளும்.

இதில் அண்டாவுக்குத்தான் பெரிய ஏமாற்றம். கல் விழுந்த செய்தி வரும், நம்மை நிமிர்த்துவார்கள் என்று கவிழ்ந்தபடியே காத்துக் கிடந்தது. ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பிடிதுணியை அனுப்பியது.

"மைனி, இதென்ன அநியாயம்? கல்லு விழுறது உங்களுக்குத் தெரியாதா? உள்ளதைச் சொல்லுங்க. நாலு பேரு பல்லு போகுது" என்றது பிடிதுணி.

கேட்டுக்கொண்டிருந்த உலகம்மைக்குக் கூசியது. அன்றைக்கு நாடே எழுந்து நிற்கிற மாதிரி தானாகச் சொன்னதை, இன்றைக்கு ஒரு கரித்துணி வந்து சொல்லச் சொல்கிறது. சொன்னால் அண்டா நிமிரும். சொல்லாவிட்டால் கல் விழும். இரண்டுக்கும் நடுவில் இடம் இருக்கிறது என்று நினைத்துத்தான் ஒருநாள் சாய்ந்தது. அந்த நடுவில் நிற்க ஒரு அடி இடம் கிடையாது.

பங்குனி உத்திரம் வந்தது. மலைக்குக் கூட்டம். பந்திக்கு மேல் பந்தி. மூன்றாவது பந்தியில் ஒரு ஆடு மேய்க்கிறவரும் அவர் மனைவியும் உட்கார்ந்தார்கள். இரண்டு நாள் நடை, காலெல்லாம் புழுதி. இசக்கியம்மாள் போட்ட முதல் கரண்டிச் சோற்றைப் பிசைந்து அவர் ஒரு வாய் வைத்தார். வாய் நின்றது.

உலகம்மை அவர் இலைக்கு மேல்தான் இருந்தது. அந்தச் சத்தம் அதற்குக் கேட்டது. பல்லில் கல் படுகிற சத்தம்.

துப்பிவிடு என்று உலகம்மை மனதுக்குள் சொன்னது. காறித் துப்பு. எழுந்து நின்று கத்து. என்ன சோறு போடுறீக என்று கேள். நீ கேட்டால் சமையலறை வரைக்கும் கேட்கும். நான் சொல்லாததை நீ சொல்லிவிடு சாமி.

மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். என்ன என்று கண்ணால் கேட்டாள்.

அவர் அவள் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "பேசாம சாப்பிடு. இந்த வேகாத வெயில்ல சும்மா சோறு போடுறாக. கல்லு கிடக்குன்னா அந்தம்மா முகம் வாடிப்போகும்."

பிறகு செம்பை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். கரண்டிக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தத் தொண்டை ஏறி இறங்கியது. அவர் கல்லை விழுங்கிவிட்டார்.

"சோறு நல்லா இருக்கு தாயி" என்றார் இசக்கியம்மாளைப் பார்த்து.

இசக்கியம்மாளுக்குச் சந்தோஷம். இன்னொரு கரண்டி போட்டாள்.